கோபீஸின் நெற்றியில் பொட்டு

அந்தக் கார்ட்டூனை எடுத்தவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகள் பார்ப்பதற்கென்று பளபளவென வர்ணம் பூசி, ஆரம்பத்தில் துள்ளலாக ஒரு பாட்டுப் போட்டு, நடுவில் ஒரு நாய்க்குட்டியையும் ஓடவிட்டு, எங்களையெல்லாம் நம்பவைத்து உட்காரவைத்தான். அப்படிச் செய்துவிட்டுக் கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்ய அவனுக்கு எப்படி மனசு வந்தது? ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு டிவியும் வீடியோ பெட்டியும் வந்திருந்தன. சனிக்கிழமை வேலை முடிந்ததும், வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே அங்கே கூடிவிடும். முதலில் பிள்ளைகளுக்கு ஜப்பான் கார்ட்டூன், அப்புறம் எல்லாருக்கும் தமிழ்ப் படம். படத்துக்கு நல்ல இடம் வேண்டுமே என்று பெண்கள் கார்ட்டூனுக்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். வீடியோ தேப் கொண்டுவருவது என் சித்தப்பா. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுபவர். பிரிஞ்சாங்கில் ஒரு சீன ஆண்ட்டியின் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்துவருவார்.

கார்ட்டூன் பேசுவது ஜப்பான் மொழி. அடியில் ஓடுவது சீன எழுத்து. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே சித்தப்பா டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் கதை சொல்வார். சீன முதலாளியோடு தினமும் சந்தைக்குப் போகிறவர், சீனம் நன்றாகத் தெரிந்தவர் என்று லயம் முழுக்க நம்பியது. அவருக்குத் தெரிந்த சீனம் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. அத்தனையும் காய்கறிப் பெயர்கள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

கதையில் மூன்று பிள்ளைகள். இரும்பால் செய்த ராட்சதன் ஒருவனின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து அவனை ஓட்டுவார்கள். ராட்சதனுக்குச் சித்தப்பா வைத்த பெயர் இரும்புச்சாமி. பிள்ளைகளுக்கு அவர் தொழிலிலிருந்தே பெயர் வந்தது. ஒல்லியான அண்ணன் முள்ளங்கி. சிவப்புக் கவுன் போட்ட தங்கச்சி தக்காளி. உருண்டைத் தலையோடு எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் பையன் கோபீஸ். முட்டைக்கோஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாரம் தவறாமல் கடலிலிருந்து ஒரு பூதம் வரும், ஊரை மிதிக்கும், இரும்புச்சாமி போய் அதைப் பந்தாடிவிட்டு வருவான். ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள். நாங்களும் கைதட்டுவோம். எனக்குக் கோபீஸைத்தான் பிடிக்கும்.

இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நினைத்தால் வயிறு எரிகிற விஷயம். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற ஆயா கொட்டகையின் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரில் பிள்ளைகள் நனைந்த துணியில் கிடந்தன. எதிர்வீட்டு அக்காவின் குழந்தைக்கு நெஞ்சுச்சளி கட்டி ஆஸ்பத்திரிவரை போய்வந்தது. ஒருநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரத்தில், அப்பா முன்னால் வந்து, கூரையை மாற்றாமல் யாரும் மலையேற மாட்டோம் என்று துரையிடமே சொன்னார். லயமே அவர் பின்னால் நின்றது. இரண்டு நாளில் புதுத் தகரம் வந்துவிட்டது.

தகரத்தோடு இன்னொன்றும் வந்தது. கூடுதல் சம்பளம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை வேலையை எல்லாருக்கும் நிறுத்திவிட்டார்கள். இந்த ஆள் இருக்கிறவரை இனி இப்படித்தான் என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி ஜாடையாகச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். அப்பாவின் பின்னால் நின்ற அத்தனை பேரும் வரிசையாக ஆபீசுக்குப் போய், நாங்களாக நிற்கவில்லை, அவர்தான் எங்களை மிரட்டி நிறுத்தினார் என்று கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு அக்காவும் போட்டார். அவர் குழந்தை அந்தப் புதுக் கூரையின் கீழேதான் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்யவேண்டும். குழாயடியில் அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என்னிடம் சித்தப்பா சொன்ன கதையே வேறு.

"உங்கப்பாவுக்கு இந்த வேல அலுத்துப்போச்சுடா. எங்க மொதலாளி தவுக்கே தோட்டத்துக்கே வந்துர்றாரு. அங்க வீடு பெரிசு லா," என்றார். நானும் நம்பினேன். பெரிய வீடு யாருக்குத்தான் கசக்கும்?

ஆறாவது தேப்பில்தான் கார்ட்டூன்காரன் தன் புத்தியைக் காட்டினான். பூதங்கள் இரும்புச்சாமியைத் தேடித்தான் ஊருக்குள் வருகின்றன என்று யாரோ கிளப்பிவிட, ஊர்க்காரர்கள் தெருவில் கூடிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளும் நடந்துவர, கூட்டத்திலிருந்து எதையெதையோ வீசினார்கள். வீட்டுக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சித்தப்பா ஒரு நொடி நின்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா, ஊரே சேந்து பூப் போடுது. சாமி வர்றப்ப போடுவோமே, அந்த மாதிரி."

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. கோபீஸின் நெற்றியில் சிவப்பாக ஏதோ வழிந்தது.

"அது என்ன சித்தப்பா?"

"பொட்டு வச்சு விட்டிருக்காங்க."

அவன் அழுதுகொண்டிருந்தான். பொட்டு வைத்தால் எவனாவது அழுவானா?  மறுநாள் தேப்பை மாற்றச் சித்தப்பா கிளம்பியபோது நானும் லோரியில் ஏறிக்கொண்டேன். பிரிஞ்சாங்கில் அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கடைக்குள் ஓடி, எனக்குத் தெரிந்த மலாயில் ஆண்ட்டியிடம் கேட்டேன். பூவா கல்லா?

கல்தான் என்றார் ஆண்ட்டி, சிறு சிரிப்புக்கூட இல்லாமல். உங்களால்தான் எங்களுக்குக் கஷ்டம், ஊரைவிட்டுப் போங்கள் என்று சொல்லித்தான் அடிக்கிறார்களாம். அடுத்த தேப்பில் அந்தக் குண்டுப் பையன் செத்துப்போவான் என்றும், தன் பிள்ளைகள் பார்த்துவிட்டு இரண்டு நாள் அழுதார்கள் என்றும் சொன்னார். காப்பாற்றியவர்களையே ஏன் அடித்தார்கள் என்று கேட்டேன்.

"ஓராங் தாக்கூத் லா," என்றார். ஜனங்களுக்குப் பயம். அவ்வளவுதான் பதில். அது ஒரு பதிலா என்று அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

திரும்பும் வழியில் சித்தப்பாவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"நெசமாவே பூதானா சித்தப்பா?"

"பூதான் லா. நான் என்ன பொய்யா சொல்றேன்," என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். வாய் கூசாமல் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா வரவில்லை, அந்த மாதம் முழுக்க அவர் எங்கும் வரவில்லை. அம்மா மட்டும் வந்து கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் பெண்களெல்லாம் பின்வரிசையின் மறுகோடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேப் ஓட ஆரம்பித்தது. போன வாரக் காட்சியையே மறுபடி காட்டினார்கள். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊரே பூப் போடுது," என்று தொடங்கினார். நான் எழுந்து நின்றேன்.

"பூ இல்ல. கல்லு."

"உக்காருடா."

"கல்லால அடிக்கிறாங்க. அது பொட்டு இல்ல, ரத்தம். இவங்க வீட்ட எல்லாம் கோபீஸ்தான் காப்பாத்துனான். அந்த வீட்டுக் கதவத்தான் இப்ப சாத்துறாங்க. இவனாலதான் நமக்குக் கஷ்டம்னு சொல்லி ஊரவிட்டுப் போகச் சொல்றாங்க. நன்றி கெட்ட ஜனங்க."

 வாராவாரம் கார்ட்டூன் நேரத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் பின்வரிசை அப்படியே அடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா மடியில் கிடந்த குழந்தையின் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கங்காணியின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோக நினைத்தவர்கள்கூட, கதவருகே அம்மா இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சித்தப்பா இத்தனை வாரம் கத்தியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் நாலு வார்த்தை சொன்னதும் எல்லாரும் கோபீஸுக்காகக் கண்கலங்குகிறார்களே என்று நினைத்தேன்.

சித்தப்பா டிவியை நிறுத்தக் கையை நீட்டினார்.

"அடைக்காதீங்க தம்பி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா.

நாங்கள் சத்தமாகச் சிரித்தாலே தலையில் குட்டுகிற அம்மா. சபையில் ஒருநாளும் வாய்திறந்து நான் பார்த்திராத அம்மா. அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு பின்வரிசையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"அவன் சொல்லட்டும். கடைசிவரைக்கும் சொல்லட்டும். எல்லாரும் கேட்டுட்டுப் போவட்டும்."

அம்மாவுக்கும் கார்ட்டூன் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். கோபீஸ் செத்துப்போனதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.