மெழுகில் இருக்கும் ஜூலியன்

புதுச்சேரியில் ஓர் ஆணுக்குக் கணையம் கெட்டால் யாரும் டாக்டரிடம் காரணம் கேட்பதில்லை. தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை இருக்கும் ஊரில் இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். சகாயசெல்வியும் அப்படித்தான் சொன்னாள். இத்தனைக்கும் அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவள்.

நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது அவள் வேலை. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த மெழுகு அலமாரியில் இருக்கும். சொந்தக்காரர் சதை வந்தால் பக்கத்து மேசைக்காரர் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். செல்வியின் அம்மாவுடைய சினைப்பைப் புற்று வந்தபோது பக்கத்து மேசை தேவதாஸ் அப்படித்தான் வாங்கிக்கொண்டார். அண்ணன் ஜூலியனின் கணையம் வந்தபோது செல்வி கொடுக்கவில்லை. கோபத்தில் தானே சீவினாள்.

ஜூலியன் ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"நான் தொடறதே இல்ல செல்வி, நம்பு" என்றார் கட்டிலில் கிடந்தபடி.

"நீ பொய் சொன்னாலும் கணையம் சொல்லாதுண்ணே" என்றாள், பக்கத்தில் நின்ற அவர் மகளுக்கும் கேட்கும்படி. பன்னிரண்டாம் நாள் அவர் இறந்தார்.

மூன்று வருடம் கழித்து அந்த ஆய்வு வந்தது. மார்பு, சினைப்பை, கணையம், குடல் என்று வெவ்வேறு புற்றுநோய்களில் மரபணுக்கள் எங்கெங்கே மாறியிருக்கின்றன என்று ஒப்பிட, பழைய மெழுகுகளை எல்லாம் வெளியே எடுத்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒருநாள் டாக்டர் ஹேமலதா கணினியைக் காட்டினார்.

"இது சினைப்பை, இது கணையம். ரெண்டுலயும் அதே மரபணுவுல, அதே இடத்துல ஒரே மாதிரி பிழை. ஒரே குடும்பமா இருக்கலாம் செல்வி, பொறக்கும்போதே வந்திருக்கும். பிள்ளைங்க இருந்தா ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

ஆயிரக்கணக்கான எண்களை மறந்தவளுக்கு இந்த இரண்டு மட்டும் மறக்கவில்லை. மேசைக்குத் திரும்பினாள்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. சீவும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் "நம்பு" என்று அண்ணன் குரல் கேட்டது. நிறுத்தினால் நின்றது, சுற்றினால் மறுபடி கேட்டது. தனக்கும் அந்தப் பிழை இருக்கலாம் என்ற பயம் ஒரு பக்கம். அண்ணன் மகள் அஞ்சலிக்கு இருபத்தி நாலு வயது. அவளிடம் சொல்லாமல் விட்டால் அவளும் மெழுகாகிவிடக் கூடும். சொன்னாலோ, உன் அப்பாவை நான் வீணாகப் பழித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லித் தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு, ரெட்டியார்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.

அஞ்சலி காபி கொடுத்தாள். செல்வி ஒரே மூச்சில் சொன்னாள். பிழை, பாட்டியின் நோய், ரத்தப் பரிசோதனை, முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது. அஞ்சலி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப அப்பாவுக்குக் குடியால வரலியா அத்த?"

"குடியாலன்னு சொல்ல முடியாதும்மா. அவர் சொன்னது நெசம். நான்தான் நம்பல."

அஞ்சலி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னதாலதான் அத்த, உசுரு போற அன்னிக்குக்கூட அப்பா வாய மோந்து பாத்தேன். அவரே தொறந்து காட்டினாரு."