சத்தத்துக்குள் பேசியவர்

சின்னதுரைக்கு ஜெபம் செய்யச் சத்தம் வேண்டும். சுரங்கத்தில் பெல்ட் ஓடுகிற அளவுக்குச் சத்தம்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக் கூலிக்காரரின் மகன் அவர். கான்ட்ராக்டில் சுரங்க வேலைக்குப் போய், ஒன்பது வருஷம் கழித்து பெர்மனென்ட் ஆனார். மண்ணும் நிலக்கரியும் ஏறிப் போகும் பெல்ட் விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. எல்லாம் கைஜாடைதான். அந்த இடத்தில்தான் அவர் வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்.

சபையில் எல்லாரும் "தேவரீர்" என்று ஆரம்பிப்பார்கள். அவருக்கு நாக்கு எழும்பாது. பெல்ட் ஓரத்தில், "இன்னா ஆண்டவரே, பாத்துகினுதான் இருக்கியா" என்று தொண்டை கிழியக் கேட்பார். தம்பியின் குடி, பிள்ளை இல்லாத குறை, மேஸ்திரி மேல் கோபம் எல்லாவற்றையும் கொட்டுவார். அடுத்த பெல்ட்டில் நின்ற பன்னீர்செல்வம், இவர் பாட்டுப் பாடுவதாக நினைத்துத் தூரத்திலிருந்து தாளம் போட்டுக் காட்டுவார். இருபத்துநாலு வருஷம் அப்படிப் போனது. மழை நாளில் நனைந்த கரி வாசனையோடு பெல்ட் வரும்போது ஆண்டவர் தோளில் கைபோட்டு நிற்பது போலவே இருக்கும்.

2012இல் ரிடையர் ஆனார். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. முதல் நாள் காலை வேதாகமத்தை மடியில் வைத்து வாயைத் திறந்தார். தன் குரல் தனக்கே கேட்டது. கூச்சத்தில் மூடிக்கொண்டார். போதகர் மனசுக்குள் சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னால் தனக்குத்தானே பேசிக்கொள்வது போலிருந்தது. நாலு மாதம் ஒரு வார்த்தை வரவில்லை. ஆண்டவரைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று பயந்தார். கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் ஏறிவிடலாம் என்று கால் பரபரக்கும்.

ஒருநாள் மனைவி செங்கமலம் கிரைண்டரைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள். பழைய கிரைண்டர், கடகடவென்று வீடே அதிர்ந்தது. சின்னதுரை முக்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வார்த்தை தானாக வந்தது.

அதற்குப் பிறகு மாவரைப்பது அவர் வேலை. தினமும் அரைத்தார். நாம் என்ன இட்லிக்கடையா வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே செங்கமலம் மாவைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

மந்தாரக்குப்பத்தில் கரண்ட் போகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, அதற்கு முன்பே எல்லாரும் மாவரைத்துவிடுவார்கள். குவார்ட்டர்ஸில் கரண்ட் போய் அவர் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ஒருநாள் கரண்ட் போய்க் கிரைண்டர் நின்றதுகூடப் பேச்சுவாக்கில் அவருக்கு உறைக்கவில்லை.

"அதனால மொதல்ல அவளக் கூப்டுக்க. எனக்குப் பின்னாடி அவ இருக்க வேணாம்."

குரல் தெருவரை போனது. மாவு எடுக்கக் குண்டானோடு வந்த செங்கமலம் வாசற்படியில் நின்றாள்.

"யாரக் கூப்டுக்கச் சொல்றீங்க? என்னத்தான?"

அவர் தரையைப் பார்த்தார். நைட் ஷிஃப்ட் நாட்களில் அவள் விளக்கை அணைக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தது தனக்குத் தெரியும் என்றார். தனியாக ஒரு வீட்டில் அவளால் இருக்க முடியாது என்றார்.

அவள் குண்டானைக் கீழே வைத்தாள்.

"நான் போயிட்டா அரிசி ஊறவைக்கறது யாரு? மாவும் இல்ல, ஜெபமும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. அவளும்தான்.

"தெனம் இப்டிதான் பேசிகினு இருந்தீங்களா?"

"மைன்ஸ்லருந்தே."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கேட்டுகினு இருப்பாரு."

கரண்ட் வந்தது. கிரைண்டர் மறுபடி சுழன்றது. சின்னதுரை மூச்சை விட்டு வாயைத் திறந்தார். அவள் போய் சுவிட்சை அணைத்தாள்.

"மாவு எப்பவோ ஆயிடுச்சி. பேசுங்க, நானும் கேக்கறேன்" என்று தரையில் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணை மூடினார். தெருவில் சைக்கிள் மணி கேட்டது. "ஆண்டவரே" என்றார். அவருக்கே புதிதாகக் கேட்ட சின்னக் குரல்.

"இவளும் இருக்கா. நான் கேட்டதக் கொஞ்சம் நிறுத்தி வை."