மாற்றம் இல்லை

மூன்று அங்குல நீளம், ஒரு அங்குல அகலம். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கிற கண்ணாடித் துண்டு. சிலைடு என்போம். அதை நான் கடைசியாகத் தொட்டுப் பல வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் யார் கையிலாவது அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பாண்டிச்சேரிக்குப் புதுச்சேரி என்று பெயர் மாறிய வருஷம் அது. நான் எட்டாவது படித்தேன். எங்கள் பெண்கள் பள்ளி பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கூரை. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் சயின்ஸ் மிஸ் எங்களில் எட்டுப் பேரை உட்காரவைத்து, மோட்டார் சுற்றுவது, ஐஸ் குச்சியில் பாலம் கட்டி அதன்மேல் செங்கல் ஏற்றுவது என்று ஏதாவது செய்யச் சொல்வார். எங்களுக்கு லீடர் பத்தாவது படித்த ஓர் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, லீடர் அக்காதான். நோணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா வேலை பார்த்த மில்லை மூடியிருந்தார்கள். பத்தாவது முடித்ததும் லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக், அதிலும் கட்டடம் கட்டப் படிக்கிற சிவில்தான் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அதை விட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

நாங்கள் கூடுகிற கடைசி அறையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல் ஓடியது. மிஸ் அதையே எங்களுக்கு வேலையாக்கினார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சிலைடை வைத்து, இரண்டு முனைகளையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டவேண்டும். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் அறையைக் காலி செய்துவிடலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸும் ஒத்துக்கொண்டார். தினமும் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. அதன் கீழே கையெழுத்துப் போடுவது அக்கா வேலை. ‘மாற்றம் இல்லை’, ‘மாற்றம் இல்லை’ என்று ஒரு மாதம் எழுதினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த பையை இழுத்து எடுத்தபோது பார்த்தேன். சிலைடு குறுக்கே உடைந்திருந்தது. ஐயோ, என் பை பட்டுத்தான் போச்சு என்று நினைத்தேன். எங்கள் லேபில் ஒரு சிலைடு உடைந்தாலும் அட்டெண்டர் அம்மா, “போயி உங்கப்பாவ கூட்டிட்டு வா” என்பாள். என் அப்பா வந்தால் அதோடு சரி, சாயங்கால வகுப்புக்கு முழுக்குதான். யாரும் வருவதற்குள் சிலைடு பெட்டியிலிருந்து வேறொரு சிலைடை எடுத்து ஒட்டினேன். புதுப் பிளாஸ்டரின் வெள்ளை தெரியக்கூடாதென்று மேலே சுவர்த்தூசியைத் தேய்த்தேன். நோட்டில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினேன்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் உடைந்திருந்தது. அன்றைக்கு என் பை வராந்தாவில் இருந்தது. அதாவது எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர்தான் நகர்கிறது, முதல் சிலைடையும் சுவர்தான் உடைத்திருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் முதல் தடவை மாற்றி ஒட்டியதையும் சொல்லவேண்டும். பதின்மூன்று வயதில் எனக்கு இடியப்போகிற சுவரைவிட அட்டெண்டர் அம்மாவின் வாய்தான் பெரிதாக இருந்தது. பாழாய்ப்போன புத்தி! மூன்றாவது சிலைடை எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் அக்கா விரிசலருகே வெகுநேரம் நின்றாள். “ஏய், இங்க வாயேன். முன்ன ஒரு போஸ்ட் கார்டுதான் நொழைஞ்சிச்சு. இப்ப ரெண்டு நொழையுது பாரு” என்றாள்.

நான், “கண்ணாடி ஒடையலியேக்கா” என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். “ஆமால்ல. எனக்குத்தான் கண்ணு சரியில்ல” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பியபின், சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்த அவள் மட்டும் திரும்பிப் போனாள். நான் வராந்தாவில் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். முதலில் மாவு சலிப்பது போலச் சன்னமாக ஒரு சத்தம். சுண்ணாம்பு உதிர்கிறது என்று எனக்குப் புரிந்தது. குடையைப் போட்டுவிட்டு அறைப் பக்கம் ஓர் அடி வைத்தேன். பிறகு கட்டையோடு கூரை மொத்தமும் இறங்கியது.

அக்காவின் இடது கையும் தோள்பட்டை எலும்பும் உடைந்தன. உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்கள். விசாரிக்க வந்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே நோட்டைக் காட்டி, “பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டியாம்மா?” என்று அவளைக் கேட்டார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. எலும்பு கூடியது, பத்தாவதும் பாஸானாள். ஆனால் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம்கூட வாங்கவில்லை. வீட்டில் பயந்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

போன மாதம் புதுச்சேரியிலேயே சாரம் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். கல்லாவுக்குப் பின்னால் அக்கா. “என்னாடி, அடையாளம் தெரியாத மாதிரி முழிக்கிற!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டே என் மாத்திரையைச் சீட்டோடு ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை ஒப்பிட்டாள்.

“கைதான் சரியாயிடுச்சே, பாலிடெக்னிக் போயிருக்கலாமேக்கா” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“கைக்கு என்னாடி? கண்ணுதான் ஆவாதுன்னு தெரிஞ்சுபோச்சே. செவுரு நகந்து சிலைடு ஒடஞ்சிருந்ததே தெரியாதவ, நாலு பேரு குடியிருக்கிற வூட்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அப்போதுதான் சொன்னேன். பையை, அட்டெண்டர் அம்மாவை, தூசி தேய்த்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எத்தினி தடவ?”

“ரெண்டு.”

அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது, பரீட்சை முடிவில் தன் நம்பரைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகம் போல. “அப்ப நான் சரியாத்தாண்டி பாத்திருக்கேன்” என்றாள். யாரோ சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரிடமும் திரும்பிச் சொன்னாள், “நான் சரியாத்தாங்க பாத்திருக்கேன்.”