கால் கழுவி இறங்கிய தொட்டி

நசுங்கிய பழத்தோல் கால்விரல் இடுக்குகளில் வழுக்கும்போது உள்ளங்கால் கூசுமே, அந்தக் கூச்சத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் மிகப் பழைய வைன் பண்ணையொன்றில் அப்பாவுக்கு வேலை. அறுவடைக் காலத்தில் அம்மாவும் "முந்திரிகை" வெட்டப் போவார். யாழ்ப்பாணத்தார் எங்களுக்குத் திராட்சை என்றைக்கும் முந்திரிகைதான். நிலவறைக்குப் பொறுப்பாயிருந்த கார்லோ மாமா இத்தாலிக்காரர். தன் ஊர்க் கொடிகளை ஒரேயொரு சரிவில் நட்டு, அந்தப் பழத்தை வேறெதனோடும் கலக்கவிடாமல் தனியாகச் சிவப்பு வைன் செய்வார். இயந்திரத்தில் விதை நசுங்கினால் கசக்குமென்று, அதை மட்டும் கல்தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். அதற்குப் பாரமில்லாத ஆட்கள் வேண்டும்.

எனக்குப் பத்து வயதான இலையுதிர்காலத்தில், இவள் இறங்கட்டும் என்று அவர் என்னைக் காட்டினார். நான் சப்பாத்தைக் கழற்றியே விட்டேன். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்லும் அம்மாதான் குறுக்கே வந்தார்.

"ஏலாது. வாயிலை வைக்கிற சாமானிலை காலை வைக்கிறதோ?"

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாத அப்பா, பிள்ளைக்குத் "தடிமன்", சளி பிடித்திருக்கிறது, கால் குளிரக்கூடாது என்று புளுகிவிட்டார். எனக்கென்றால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார்லோ மாமா உள்ளே போய், ஒரு வாளி வெந்நீரும் வெள்ளைத் துவாயுமாகத் திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் நிலத்தில் முழங்காலிட்டு என் கால்களைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்துவிட்டார். எங்களில் கலியாணவீட்டு வாசலில் மாப்பிள்ளைக்குத்தான் இந்த மரியாதை நடக்கும்.

கடைசியில் அம்மா, "டான்ஸ் வகுப்பிலை தொடங்க முதல் நிலத்தைத் தொட்டுக் கும்பிடுறனியெல்லே, அப்பிடிக் கும்பிட்டிட்டு இறங்கு," என்றார். நான் பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினேன். பின்னால் வந்த ஜெர்மன்காரர்களும், இது தொட்டியின் வழக்கமாக்கும் என்று ஒவ்வொருவராய் அப்படியே செய்தார்கள். அதன்பிறகு, எனக்குப் பாரம் கூடும்வரை, ஒவ்வோர் அறுவடையிலும் அந்தத் தொட்டி எனக்குக் கொண்டாட்டம்தான்.

இப்போது விதையை நசுக்காத இயந்திரம் வந்துவிட்டது. கல்தொட்டியில் பூஞ்செடி வளர்க்கிறார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆளும் அங்கே இல்லை. வேலையை விட்டு ஊரோடு போய்விட்ட கார்லோ மாமா, போன மாதம் என் கலியாணத்துக்கு வந்தபோது நான் முதன்முதல் இறங்கிய அந்த வருடத்து வைன் போத்தலொன்றைக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு அப்போதுதான் மனம் கேட்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைக்குத் தடிமனே இல்லை என்றார்.

"தெரியும்," என்றார் கார்லோ மாமா. "உங்கள் மனைவி பிள்ளையின் காலையா பார்த்தார்? என் பழத்தையல்லவா பார்த்துக்கொண்டு நின்றார். அதனால்தான் கழுவினேன்."

அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். வாழ்நாளில் மது தொடாத அம்மா, கிளாசில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"புளிக்குது," என்றார். ஆனால் கிளாசை யாரிடமும் கொடுக்கவில்லை.