எட்டு வினாடி

"அம்பத்தூர். ஞாயிறு. கடைசிப் பாட்டு 5 நிமிடம் 10 வினாடி. கூட்டம் பரவாயில்லை. எனக்கு ரோஸ்மில்க் கிடைத்தது."

ஐந்தாம் வகுப்பு படித்தபோது கோடு போட்ட நோட்டு ஒன்றில் நான் எழுதியது இது. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மேல் அட்டை போய்விட்டது. உள்ளே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளின் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றன. தேதி எழுதும் பழக்கம் அப்போது எனக்கு வரவில்லை. ஆனாலும் அவை பொங்கலை ஒட்டி அடுத்தடுத்து வந்த ஞாயிறுகள் என்பதில் சந்தேகமில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில், மூன்றே நாளில், என் சின்ன மாமா இறந்துபோயிருந்தார்.

அம்மாவுக்கு இரண்டு தம்பிகள். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பெரிய மாமா கிதார் வாசித்துப் பாடுவார், சின்ன மாமா டிரம்ஸ். ஆவடியிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு அண்ணன் பேஸ் கிதார். மூன்று பேர் சேர்ந்தால் ராக் பேண்டு என்று பெரிய மாமா சொல்வார். பட்டறையின் இரைச்சல் காதைவிட்டுப் போகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் அதையே தேடிக்கொள்கிறார்கள் என்பது என் அத்தையின், அதாவது அப்பாவுடைய அக்காவின், கருத்து. வாரம் ஒரு நாள் இயந்திரங்கள் நிற்கும்போது, அதே ஷெட்டில், ஜன்னல்களில் கோணிப்பை தொங்கவிட்டு, ஒன்றரை வருடத்தில் எட்டுப் பாட்டுகள் பதிவு செய்தார்கள். ஆல்பம் தயாரானது. அதை எடுத்துக்கொண்டு ஐந்து ஊர்களில் வாசிப்பது என்று மண்டபங்கள் பேசி, போஸ்டரும் அடித்த பிறகுதான் காய்ச்சல் வந்தது.

எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தோம். முப்பதாம் நாள் படையல் முடிந்த மறுவாரம் பெரிய மாமா அம்மாவிடம் வந்தார். டிரம்ஸ் தனியாகப் பதிவாகி லேப்டாப்பில் இருக்கிறது, அதை ஓடவிட்டுக் கூடவே நாங்கள் வாசிக்கிறோம், நீ பட்டனைத் தட்டினால் போதும் என்றார். அம்மா ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊட்ல பொங்கப் பானை ஏத்தல, ஒன் தம்பி மேடை ஏறுறானா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் அண்ணி. அவன் வாசிச்சது ஊரு கேக்க வேணாமா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஞாயிறும் ஷிஃப்ட் இருந்ததால் என்னை விட்டுப்போக ஆளில்லை. வேனில் ஏற்றிக்கொண்டார்கள். சும்மா இருக்கக்கூடாது என்று பெரிய மாமா எனக்கு ஒரு வேலையும் தந்தார். அவருடைய கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச் உண்டு. "பாப்பா, ஒவ்வொரு பாட்டும் எவ்ளோ நேரம்னு எழுதி வைக்கிற. ஏழு மணி தாண்டுனா மண்டபத்துக்காரன் கரெண்ட்ட புடுங்கிடுவான்." அந்தக் கடிகாரத்தின் வாரில் புது ஓட்டை போட்டுத்தான் என் கையில் கட்ட வேண்டியிருந்தது.

அம்பத்தூரில் அம்மா ஒரு தவறு செய்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குச்சியோடு குச்சியை நாலு முறை தட்டுவது சின்ன மாமாவின் வழக்கம். தட்டுவதற்கு முன் "போலாமா மாமே?" என்று கேட்பார். அது வாசிப்பவர்களின் காதுக் கருவிக்கு மட்டும் போக வேண்டியது. அம்மா ஒயரை மாற்றிச் செருகியதில் அது மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. மேடையில் டிரம்ஸ் முழுசாக நிற்கிறது, ஸ்டூல் காலியாக இருக்கிறது, போலாமா என்று ஒரு குரல் கேட்கிறது. முன்வரிசையில் எஸ்டேட் பையன்கள் பழக்கதோஷத்தில் "போலாம்!" என்று கத்திவிட்டார்கள். கத்திய பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. 

அம்மா ஒயரைப் பிடுங்கப் போனாள். பெரிய மாமா மேடையிலிருந்தே வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் அப்படியே விட்டார்கள்.

கடைசிப் பாட்டு எப்படி முடியும் என்று சொல்ல வேண்டும். பாட்டும் கிதாரும் நின்றபின் டிரம்ஸ் மட்டும் நாற்பது வினாடி தனியாகப் போகும். பித்தளைத் தட்டில் ஒரே ஓர் அடியோடு முடியும். அந்த நாற்பது வினாடியைப் பெரிய மாமாவால் மேடையில் நின்று கேட்க முடியவில்லை. அம்பத்தூரிலேயே கிதாரைச் சாய்த்துவைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். பேஸ் அண்ணனும் பின்னாலேயே போனார். ஆளில்லாத மேடையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் இதையும் நிகழ்ச்சியின் ஏற்பாடு என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். அதனால் எல்லா ஊரிலும் அதுவே ஏற்பாடாகிவிட்டது. முடிவுவரை இருப்பது அம்மாவும் நானும்தான்.

இரண்டாவது ஞாயிறு ஆவடி. குறிப்பு: "கடைசிப் பாட்டு 5 நிமிடம் 18 வினாடி. எனக்குத் தும்மல்." எட்டு வினாடி கூடியதற்குத் தும்மலைக் காரணமாக எண்ணி எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது காட்டுப்பாக்கம். புது அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு கூடம். வந்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மைக் கட்ட வந்த ஆளுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. அவர் தன் பாட்டுக்குக் காலி டிரம்ஸுக்கும் மைக் வைத்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்குமுன், பேஸ் அண்ணன் சுருதி சரிபார்த்தபோது, யாரும் தொடாத டிரம்ஸிலிருந்து மெல்லிய சரசரப்பு ஒன்று எழுந்தது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. அண்ணன் கையை எடுத்தார், நின்றது. மறுபடி வாசித்தார், வந்தது.

"அடியில கம்பி கீது பாப்பா. நம்ம சத்தத்துக்கு அது அதிருது, அவ்ளோதான்" என்றார் அண்ணன். சொன்னாரே தவிர, அதன்பிறகு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை.

அங்கே ஒரு சிறுமி, என் வயதுதான் இருக்கும், லேப்டாப் மேசைக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, டிரம்ஸ் அங்கிள் ஏன் இன்னும் வரல?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்துட்டாரேம்மா. கேக்கல?" என்றாள்.

அன்றைய குறிப்பு: 5 நிமிடம் 26 வினாடி. பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கழித்தல் கணக்கு தெரியும் வயது. ஆவடியில் எட்டு, இங்கே இன்னொரு எட்டு.

நான்காவது அயனம்பாக்கம். ஏரிக்கரையை ஒட்டிய திறந்த மைதானம். வெயில் இறங்கும்போதே தொடங்கிவிட்டார்கள். அன்று தனி டிரம்ஸ் தொடங்கியதும் ஏரியின் மறுகரையிலிருந்தும் ஒருவர் வாசித்தார், அரை நொடி தள்ளி. எதிரொலி என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. மேடையில் ஒருவர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேருமே கண்ணுக்குத் தெரியாதவர்கள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் லேசாகத் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன மாமா உயிரோடு இருந்தவரை அவர் வாசிப்புக்கு அவள் தாளம் போட்டு நான் பார்த்ததில்லை. தட்டின் அடி விழுந்ததும் கடிகாரத்தை நிறுத்தினேன். 5 நிமிடம் 34.

இதற்குமேல் எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பயம் பாதி, பெருமை பாதி. வேறு யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிகிறது அல்லவா? திங்கட்கிழமை மாலை பெரிய மாமா வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"மாமா, சின்ன மாமா ஒவ்வொரு வாரமும் எட்டு செகண்ட் கூட வாசிக்கிறாரு."

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி நாலு பக்கத்தையும் படித்தார். போனில் ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பாட்டை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 5 நிமிடம் 10.  பிறகு நேரே சமையலறைக்குப் போனார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அக்கா, இன்னா பண்ணிகினு கீற நீ?"

அம்மா குழாயை மூடும் சத்தம்.

"எட்டு செகண்டு தான்டா."

"வாரம் எட்டு எட்டா எங்க கொண்டும்போய் உடப் போற? போனவன போவ உடு. அஞ்சு ஊரு, அதோட முடிச்சிக்கலாம்னுதான நான் ஆரம்பிச்சேன்? அங்க நின்னு கேக்க முடியாம ஓடி வர்றேன், நீ இன்னாடான்னா..."

"நீ ஓடிடுற. எனக்கு அங்கயாவது அவன் இருக்கான்."

"வெட்டிடுக்கா. பழையபடி வச்சிடு. என் தலைமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

மறுபடி குழாய் திறந்து மூடும் சத்தம். பிறகு அம்மா சொன்னாள்: "சரி. ஞாயித்துக்கெழமைக்குள்ள வெட்டிடறேன். போ."

அந்த உரையாடலை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டேன். சின்ன மாமா வருவது இருவருக்கும் முன்பே தெரியும். வாரம் எட்டு வினாடி அதிகமாக இருந்துவிட்டுப் போகிறார். அதைப் பெரிய மாமா தடுக்கிறார், அம்மாவும் சம்மதித்துவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழு மாலையே இருந்திருப்பார். அந்த வாரம் முழுக்க அம்மா என்னிடம் கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தலைவாரும்போது மட்டும் கை அடிக்கடி நின்றுவிடும்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். ஷெட்டில் பயிற்சிக்காகச் சின்ன மாமா வாசித்து, ஆல்பத்தில் சேராமல் போன துண்டுகள் அந்த லேப்டாப்பில் நிறைய இருந்தனவாம். ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டை எடுத்து, கடைசி அடிக்கு முன்னால், ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருக்கிறாள். அந்தத் தாளத்தில் நாலு சுற்றுக்கு எட்டு வினாடி. "அது முடிஞ்சா நான்தான லேப்டாப்ப மூடணும்? ஒவ்வொரு வாட்டியும் நான்தான மூடணும்?" என்றாள். ஊரெல்லாம் அழுது முடித்த பிறகு ஒருத்தி மட்டும் இப்படி எட்டு வினாடிக் கணக்கில் அழமுடியும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. அவளுடைய அழுகையைத்தான் நான் கடிகாரம் வைத்து அளந்து, நோட்டில் எழுதி, கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

இனி வேப்பம்பட்டு. ரயில் பாதையை ஒட்டிய மண்டபம், கடைசி ஊர். கூட்டம் அதிகமில்லை. கடைசிப் பாட்டில் வழக்கம்போல் மாமாவும் அண்ணனும் பின்பக்கம் இறங்கிப் போனார்கள். தனி டிரம்ஸ் தொடங்கியது. நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, டிரம்ஸும் பெட்டிகள் ஓடுகிற சத்தமும் கலந்து எது எது என்று பிரிக்க முடியவில்லை. வண்டி போய் முடிந்தது. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு தட்டில் அந்த ஒரே அடி. கடிகாரத்தை நிறுத்தினேன்.

5 நிமிடம் 42 வினாடி. முந்தைய வாரத்தைவிட எட்டு அதிகம்.

இதைப் பற்றி நான் விசாரிக்காமல் இல்லை. பெரிய மாமாவைக் கேட்டேன். பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்ததாகவும், ரயிலைத் தவிர எதுவும் காதில் விழவில்லை என்றும் சொல்கிறார். அன்று போனில் படம் பிடித்த ஒருவரைக் கண்டுபிடித்தேன். அவருடைய பதிவு கூட்ஸ் வண்டி வரும்போதே முடிந்துவிடுகிறது. லேப்டாப் பழுதாகிப் பல வருடமாகிறது. ரயில் இரைச்சலில் உண்மையான கடைசி அடியைத் தவறவிட்டு, தட்டு தானாக அதிர்ந்ததை அடி என்று நான் எழுதியிருக்கலாம். அப்படியானாலும், சரியாக எட்டு எப்படி வந்தது?

போன மாதம் அம்மாவிடம் மறுபடி கேட்டேன்.

"வெட்டிட்டேன்டி. சனிக்கிழமையே வெட்டிட்டேன். அஞ்சு பத்துதான் வச்சிருந்தேன்."

நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"நாப்பத்திரெண்டா?"

"ஆமா."

"நல்லா பாத்தியா அன்னிக்கி?"

"பாத்துதாம்மா எழுதினேன்."

அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். பிறகு, ரயில் சத்தத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தான் லேப்டாப்பை மூடிவிட்டதாகச் சொன்னாள். மூடினால் பாட்டு நின்றுவிடும், அது எனக்கும் தெரியும். வண்டி போன பிறகும் டிரம்ஸ் கேட்டதும் எனக்குத் தெரியும்.

அம்மா லேப்டாப்பை மூடியது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு கையாலும், சத்தம் வராமல் மூடினாள். அது கடைசி அடிக்கு முன்பா பின்பா என்று நோட்டில் இல்லை. அதை எழுத வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும் இன்றுவரை, எது முந்தியது என்பது உறுதி செய்யப்படவில்லை.