பச்சைச் சேலை அணிந்த அம்மாவின் கவனத்திற்கு

வாயில் கிடக்கும் பனங்கற்கண்டை நாக்கால் கன்னத்தோரம் ஒதுக்கிவிட்டுத்தான் சுடலைச்செல்வி மைக்கின் பொத்தானை அழுத்துவாள். “வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. வாசலில் வெள்ளை நிறக் காரை நிறுத்தியிருப்பவர் உடனடியாக வரவும்.” பொத்தானை விட்டதும் அந்தத் தமிழும் போய்விடும். லிஃப்ட் இயக்கும் ஸ்டெபினுக்குப் போன் போடுவாள். “ஏலே, அந்தக் காரு இன்னும் அங்கனயேதான் கிடக்கு. போய்ப் பாரு.”

தூத்துக்குடியின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில், சன்னலில்லாத சின்ன அறை அவளுடையது. சுவர் முழுக்கத் திரைகள். கடையில் நடப்பதெல்லாம் அவற்றில் தெரியும். ஒரு சத்தமும் கேட்காது. சேலை எடுக்க வரும் தம்பதிகளில் ஜெயிக்கப்போவது யார் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். “மனுசன் செல்லை நோண்ட ஆரம்பிச்சிட்டாருல்லா? இனி அந்தம்மா வச்சதுதான் சட்டம்.”

அவள் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால்கூட, “நீங்க மைக்குல பேசுத அக்காதானே?” என்று யாராவது திரும்புவார்கள். துறைமுகத்தில் லாரி ஓட்டும் அவள் கணவன் செந்தூர்பாண்டிக்கு அதில் பெருமை தாங்காது.

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக் கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானம், இரண்டாம் மாடியில் ஒரு பெண் அக்கம்பக்கம் பார்த்தபடி சிவப்புத் துணி ஒன்றைப் பைக்குள் திணிப்பதைச் செல்வி கண்டாள். முதலாளி மகாராஜன் அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். “திருடின்னு சொல்லிராத. நயமாக் கூப்பிடு” என்றார். செல்வியும் நயமாகவே கூப்பிட்டாள். “பச்சைச் சேலை அணிந்து நீல நிறப் பை வைத்திருக்கும் அம்மாவின் கவனத்திற்கு. தங்கள் பையில் தவறுதலாக வைத்த துணியை பில் போடும் இடத்தில் காட்டவும்.”

திரையில் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பச்சைச் சேலைக்காரி கல்யாணச் சேலை எடுக்க வந்தவள். மகளும், மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் தாயாரும் கூடவே நின்றார்கள். அந்தத் தாயார் மட்டும் ஓரடி தள்ளி நின்றுகொண்டதைச் செல்வி பார்த்தாள்.

பில் மேசையில் பை கவிழ்க்கப்பட்டது. குடை, தண்ணீர் பாட்டில், ஜெபமாலை, அப்புறம் அந்தச் சிவப்புத் துணி. அது மகளுடைய பழைய ரவிக்கை. நிறம் பொருத்திப் பார்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்தது. செல்வி படத்தைப் பின்னால் ஓட்டினாள். அவள் அதைப் பையிலிருந்து எடுத்துச் சேலைக்கரையோடு வைத்துப் பார்ப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. முன்பே ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் எதுவும் வாங்காமல் படியிறங்கினார்கள்.

“அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருதேன்.”

“எதுக்கு? தீவாளி நேரத்துல கடை பேரை நாமளே கெடுத்துக்கிடவா? போனவங்க போயாச்சு. பேசாம இரி.”

போனது அவர்கள் மட்டும்தான். தலையைத் திருப்பிப் பார்த்த ஜனமெல்லாம் இன்னும் கடைக்குள்ளேதான் நின்றது. செல்வி பொத்தான்மேல் விரலை வைத்தாள். வேலை போய்விடுமே என்ற பயம் வந்தது. விரலை எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்து அவள் அதே இனிய குரலில் அறிவித்தது, குழந்தைகள் பிரிவில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதை.

அந்தப் பெண் கீழவைப்பார் மிக்கேலம்மாள் என்பதை அதே ஊர்க்காரனான ஸ்டெபின்தான் சொன்னான். போகவேண்டும், போகவேண்டும் என்றே மாதங்கள் கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். மிக்கேலம்மாள் வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரைத் தேடுதிய?”

“உங்களைத்தான் பாக்க வந்தேன், அக்கா. தூத்துக்குடியில இருந்து வாரேன்.”

கருவாட்டின் மேல் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்காமலே மிக்கேலம்மாள் கேட்டாள். “அந்த மைக்கு நீதானா?”

செல்விக்கு அழுகை முந்திக்கொண்டது. மிக்கேலம்மாள் திட்டவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. எம்மவ ஜெஸ்மியை மாப்பிள்ளை தங்கமாத்தான் வச்சிருக்காரு. சம்பந்தியம்மாவும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா இங்கன வந்தாவன்னா, கைப்பையை மடியை விட்டு இறக்க மாட்டாவ. சாப்பிடும்போதும் மடியிலதான் இருக்கும்.”

“நான் வந்து அவங்ககிட்ட சொல்லுதேன், அக்கா.”

“வேண்டாம்மா. கிளறுனா இன்னும் நாறும். நீ எங்கிட்ட வந்து சொன்ன, சரி. அன்னைக்கு அவ்வளவு பேரு கேட்டாவளே, அவங்ககிட்ட யாரு சொல்லுவா?”

மறுநாள் செல்வி அதே மைக்கின் முன் போய் உட்கார்ந்தாள். இன்றும் காணாமல்போன பிள்ளைகளையும் வழிமறித்த வண்டிகளையும் வழக்கம்போல அறிவிக்கிறாள். சேலையின் நிறம் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. சந்தேகம் வந்தால் தானே இறங்கிப் போகிறாள். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது செந்தூர்பாண்டி கேட்பான், “ஏளா, மைக்கு எதுக்கு வச்சிருக்கு?” அவள் காலை இழுத்துக்கொள்வாள்.

போன வெள்ளிக்கிழமை, மஞ்சள் சுடிதார் போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி துப்பட்டா ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கீழே கல்லாவிலுள்ள திரையில் அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டார். போன் அடித்தது. “கூப்பிடு அவளை.” செல்வி படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. அந்தப் பெண் எடுத்ததேதான்.

“மைக்கு கரகரங்கு, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்தத் தளத்தில் கேமரா எந்த மூலையில் தொங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி, அந்தப் பெண்ணையும் அவள் பையையும் சேர்த்து மறைக்கும்படி நெருங்கி நின்றாள். பிறகு வாயே திறக்காமல், வெறும் கையை அவள் முன் நீட்டினாள்.