தூணுக்கும் தரைக்கும் நடுவில் நான் வைத்த கல்

இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை. அறுபதுகளில் செஞ்சி மலையடியில் பூமி அதிர்வை ஆராயும் நிலையம் கட்டினார்கள். நான் அங்கே கொத்தனார். ஜன்னல் இல்லாத ஓர் அறை. நடுவே, அடிப்பாறையிலிருந்து எழுப்பிய இடுப்பளவுத் தூண். அது கூரையைத் தாங்கவில்லை. தரையும் அதைத் தொடக்கூடாதென்று சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விடச் சொன்னார்கள்.

"பூமி ஆடினா, இந்தத் தூண் மேல வெக்கப்போற கருவியோட ஊசி காகிதத்துல எழுதும்" என்றார் அதிகாரி. நான் நம்பவில்லை. கோட்டைப் புதையலுக்குப் பலிபீடம் கட்டுகிறார்கள் என்றே சந்தேகப்பட்டேன். அங்கே காவலுக்குச் சேர்ந்தவர் என் மனைவியின் அண்ணன். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று, ஒரு கல்லில் சிலுவை கீறி, செபம் சொல்லி, இடைவெளியின் அடியில் இறுக்கி வைத்தேன்.

நிலையம் திறந்ததும், வராந்தாவில் நடந்தாலே ஊசி எழுதியது. பூட்டிய அறைக்குள் காவல்காரர்தான் போய்வருகிறார் என்று அதிகாரி அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

"இன்னா மாப்ள, நீ கட்டுன ரூமே என்னைக் காட்டிக் குடுத்துடுச்சே. நான் உள்ள காலே வெக்கல" என்றார் மச்சான்.

பிறகு பூச்சு வேலைக்குப் போனபோது, தரையில் நடக்கும் அதிர்வு என் கல் வழியாகத்தான் தூணுக்கு ஏறுகிறதோ என்று சந்தேகம் வந்து அதை உருவினேன். ஊசி அடங்கியது. "ஆள் போனான், அடங்கிடுச்சு" என்றார் அதிகாரி. நான் வாயைத் திறக்கவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

படிப்பவர்கள் இதை அப்படியே நாலு பேருக்குச் சொல்லுங்கள். எனக்காக ஒன்றையும் குறைக்க வேண்டாம். என் மச்சான் அந்த அறைக்குள் போகவில்லை.